பதினோராவது ஓட்டை

வசுமதி சுட்ட கடைசிக் குண்டு, அவளைக் கொண்டுபோய் எரித்து, சாம்பலை அமராவதியில் கரைத்து, கருமாதிச் சோறு தின்ற சொந்தபந்தமெல்லாம் பஸ் ஏறி அவரவர் ஊர் போய்ச் சேர்ந்த பிறகும், அட்டையைப் போய்ச் சேராமல் காற்றிலேயே போய்க்கொண்டிருந்தது.

அதை முதலில் பார்த்தவர் ஹவில்தார் சவரிமுத்து. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த அவர்தான், உடுமலைப்பேட்டை தாராபுரம் ரோட்டில் கொப்பரை வியாபாரம் நொடித்துப் பூட்டிக் கிடந்த நீளமான குடோன் ஒன்றைப் பிடித்து, ஏர் ரைஃபிள் கிளப் என்று போர்டு மாட்டி, ஞாயிறுதோறும் போட்டி நடத்திக்கொண்டிருந்தார். காரியமெல்லாம் முடிந்து குடோனைத் திறந்தவர், ஐந்தாம் மேசையில் வசுமதி வைத்த மேனிக்கே கிடந்த துப்பாக்கியைத் துடைத்து உறையில் போடலாம் என்று குனிந்தார். குழல் முனைக்கு ஒரு முழம் தள்ளி, மிளகு அளவில், இடுப்பு சிறுத்த குட்டி உடுக்கை மாதிரி ஒரு ஈயக்குண்டு அந்தரத்தில் நின்றது. நிற்கவில்லை, போய்க்கொண்டிருந்தது, எறும்பைவிட மெதுவாக, எறும்புக்கு இருக்கிற அதே பிடிவாதத்தோடு.

சவரிமுத்து கத்தவில்லை, கர்த்தரையும் கூப்பிடவில்லை. பின்னால் நகர்ந்து வந்து தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அப்புறம் வெளியே போய், 'போட்டி இல்லை' என்று எழுதியிருந்த கரும்பலகையை அழித்துவிட்டு, 'போட்டி நடந்துகொண்டிருக்கிறது' என்று எழுதினார். ஏனென்றால் அவருக்குத் தெரிந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான்: குண்டு காற்றில் இருக்கிறவரைக்கும் போட்டி முடியாது, போட்டி முடிகிறவரைக்கும் தரையில் அடித்திருக்கிற மஞ்சள் கோட்டை ஈ காக்கா தாண்டக்கூடாது.

அது ஒன்றும் மெடல் வாங்கி நாட்டுக்குப் பேர் சேர்க்கிற கூட்டமில்லை. ஆறு மேசை, ஆறு பழைய ஏர் ரைஃபிள், பத்து மீட்டர் தள்ளி மணல் மூட்டைக்கு முன்னால் ஆறு அட்டை. ஆளுக்குப் பத்துக் குண்டு. பல் டாக்டர் இன்பசேகர் எப்போதும் முதலில் வருவார், வந்து ஒரு பிளாஸ்டிக் கப்பை வாங்கிக்கொண்டு, அது தங்கத்தால் ஆனது போலத் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொள்வார். மற்றவர்கள் டீ குடிக்கவும், குழலை மடக்கி நிமிர்த்துகிற அந்த 'டொக்' சத்தம் கேட்கவும், அரை நாள் யாருக்கும் பதில் சொல்லாமல் ஒரு கறுப்பு வட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவும் வந்தவர்கள். கடைசியில் வருகிறவருக்கும் ஒரு பரிசு உண்டு. எல்லாரும் வீட்டுக்குப் போனபிறகு இருந்து, அட்டைகளுக்கு அடியில் கிடக்கும் மணலை அள்ளிச் சல்லடையில் சலித்து, தகடாய்ச் சப்பிப்போன ஈயத்தைப் பொறுக்கி டின்னில் போட்டு, குடோனைக் கூட்டிப் பூட்டிச் சாவியை எதிர்த்த டீக்கடைப் பாத்திமுத்துவிடம் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். அதற்கே பொழுது சாய்ந்துவிடும்.

அந்தக் கடைசி இடத்துக்குத்தான் ஞாயிறுதோறும் ஐந்தாம் மேசைக்கும் ஆறாம் மேசைக்கும் போட்டி. ஐந்தில் வசுமதி. ஆறில் அவளுடைய அண்ணன் பெண்டாட்டி கோமளா. நாத்தனாரும் அண்ணியும் ஒரே ஸ்கூட்டரில் வந்து ஒரே தட்டில் மிளகாய் பஜ்ஜி தின்பதைப் பார்த்து, உள்ளே ஏதோ சதி இருக்கிறது என்று முதலில் ஊர் சந்தேகப்பட்டது. சதியெல்லாம் ஒன்றுமில்லை. கல்யாணம் காட்சி வேண்டாம் என்று இருந்துவிட்ட வசுமதி, பஸ் ஸ்டாண்டில் மைக்கில் பஸ் அறிவிக்கிற வேலையிலிருந்தாள். வாரமெல்லாம் ஒரே குரலில் பேசி அலுத்துப்போய், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊரிலிருக்கிற அத்தனை பேர் குரலிலும் பேசுவாள்.

"கோட்டுக்கு அந்தப் பக்கம் போறவன், சோத்துக்கு இந்தப் பக்கம் வரமாட்டான்! அண்டர்ஸ்டாண்ட்?" என்று சவரிமுத்துவின் குரலில் அவள் உறுமினால், வாசலில் நிற்கிற சவரிமுத்துவே ஒரு விநாடி விறைத்து நிற்பார். டாக்டர் குரலில், "கொஞ்சம் அகலமா வாயத் தெறங்க, ஒண்ணும் வலிக்காது, வலிச்சா காதுல விழாது" என்பாள். குண்டு தப்பிப் போனால் பஸ் ஸ்டாண்டுக் குரலுக்குத் திரும்புவாள்: "பயணிகள் கவனத்திற்கு. மேசை எண் ஐந்திலிருந்து புறப்பட்ட குண்டு, அட்டைக்குச் செல்லாமல், மணல் மூட்டை மார்க்கமாக, கோமங்கலம் வரை செல்லும்."

எல்லாவற்றையும்விட மோசம், அவள் அண்ணன் கிட்டுசாமியின் குரல். கோமளா மூச்சைப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, விரலை மடக்குகிற அந்த நேரத்துக்குக் காத்திருந்து, காதோரம் அடித்தொண்டையில், "கோமளா, மணி ஒண்ணாச்சு!" என்பாள். குண்டு கூரைக்குப் போகும். ஏனென்றால் கொப்பரைக் களம் வைத்திருக்கிற கிட்டுசாமிக்கு மணி ஒன்று அடித்தால் இலை போட்டிருக்கவேண்டும், ரசம் கொதித்திருக்கவேண்டும், பெண்டாட்டி பக்கத்தில் நின்றிருக்கவேண்டும். கெட்டவரில்லை. பசித்தால் கண் தெரியாத ஆள், அவ்வளவுதான்.

"சும்மா இரு புள்ள, கை நடுங்குது" என்பாள் கோமளா, ஒவ்வொரு தடவையும், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

இன்னொரு குறும்பும் உண்டு. சில ஞாயிற்றுக்கிழமை, போட்டி முடிந்து எல்லாரும் அட்டையைப் பார்க்கப் போனால், கோமளாவின் அட்டையில் பதினோரு ஓட்டை இருக்கும்.

"பத்துக் குண்டுக்கு எப்படிங்க பதினோரு ஓட்டை?" என்று சவரிமுத்து அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். "பக்கத்து அட்டையில சுட்ட அறிவுக்கொழுந்து ஆரு?"

"ஆரு? ஆரு? இப்பவே எனக்குத் தெரிஞ்சாகணும்!" என்று வசுமதி அவர் குரலிலேயே அவருக்கு முன்னால் போய் நிற்பாள்.

பக்கத்து அட்டையில் சுட்டால், சுட்டவருக்கு அந்தக் குண்டு சைபர். வாங்கியவருக்கு, பதினொன்றில் மட்டமானதைத் தள்ளிவிட்டு மீதியைக் கூட்டிக்கொள்ளலாம். அப்படியாக வசுமதி கடைசிக்குப் போய்விடுவாள். கோமளா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்து ரசத்தைக் கொதிக்க வைப்பாள். நாத்தனாருக்குக் குறிபார்க்கவும் தெரியவில்லை, எந்த அட்டை தன்னுடையது என்றும் தெரியவில்லை என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டு போவாள்.

அவள் கடைசியாக வந்த ஞாயிறு தை மாசம். தைப்பூசத்துக்குப் பழனி போகிற கூட்டத்துக்கெல்லாம் பஸ் சொல்லிச் சொல்லி வசுமதிக்குத் தொண்டை கட்டியிருந்தது. தலையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். வந்தும் சும்மா இருக்கவில்லை. ஒன்பது குண்டு சுட்டுவிட்டு, தொங்கிக்கொண்டிருந்த தொலைநோக்கியைப் பிடுங்கிப் பக்கத்து அட்டையைப் பார்த்தாள். அந்தப் பக்கத்தில் அண்ணியை நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நங்கையா, உங்க அட்டையப் பாருங்க. சோளம் வெதைச்ச மாதிரி இருக்குது. மழை பேஞ்சா மொளைச்சுரும்."

"உன்ற அட்டையில வெதைக்கவே இல்லையே" என்று கோமளாவும் விடவில்லை.

வசுமதி அப்புறம் ஒன்றும் பேசாமல் குழலை மடக்கிக் கடைசிக் குண்டை வைத்தாள். ரொம்ப நேரம் குறி பார்த்தாள். சுட்டாள். சட்டப்படி துப்பாக்கியை மேசையில் வைத்து, குழலை மடக்கித் திறந்து வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, "நங்கையா, தலை என்னமோ பண்ணுது" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். டாக்டர் கைகூடத் தட்டினார். "சூப்பருங்க. இது ஆரு வாய்ஸ்?" என்று கேட்டார்.

அது வசுமதியின் சொந்தக் குரல். அவள் அதை அங்கே அதுவரை பேசியதே இல்லாததால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. மூளைக்குள் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். கோமளா வீட்டுக்கு வந்து, யாரோ கொடுத்த தண்ணீரை வாங்கக் கையை நீட்டியபோதுதான், காலையிலிருந்து மூடியே இருந்த உள்ளங்கைக்குள் தன்னுடைய பத்தாவது குண்டு இருப்பதைப் பார்த்தாள். சுட வேண்டிய குண்டு. எங்கே வைப்பதென்று தெரியாமல் அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குள் புதைத்து வைத்தாள்.

---

ஊர் அந்தக் குண்டுக்குச் சீக்கிரம் பழகிக்கொண்டது. இறங்கி வராத மழைக்கும் ஏறிப் போகாத சம்பளத்துக்கும் பழகிய ஊர், போய்ச் சேராத ஒரு குண்டுக்குப் பழகுவதற்கு என்ன கஷ்டம்? முதல் வாரம் கூட்டம் கூட்டமாக வந்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்கள். ஐயப்பன் சீசன் முடிந்து சும்மா இருந்த வேன் டிரைவர் ஒருவர், அது போகவே இல்லை, பூமிதான் அதற்குக் கீழே நகர்கிறது என்று பத்துப் பேருக்கு விளக்கினார். ஒரு கட்சிக்காரர் வாழ்த்து பேனர் கட்டலாமா என்று கேட்டு, யாரை வாழ்த்துவது என்று புரியாமல் திரும்பிப் போனார். பஸ் ஸ்டாண்டு ஆட்கள் ஷிஃப்டு முடிந்து கூட்டமாக வந்தார்கள். இப்போது அங்கே அறிவிப்பதெல்லாம் பதிவு செய்த குரல், அதற்கு ஒட்டன்சத்திரம் என்று ஒழுங்காகச் சொல்ல வரவில்லை என்று குண்டிடம் புகார் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பெண்கள் ஐந்தாம் மேசையடியில் கோலம் போட்டார்கள். மின்விசிறியை யாரும் போடுவதில்லை. கூரை ஓட்டை வழியாக வந்து போகிற சிட்டுக்குருவிகூட அந்த இடத்தில் கொஞ்சம் மேலே ஏறிப் பறந்தது. ஒரு சிலந்தி மட்டும் குண்டுக்கும் உத்திரத்துக்கும் நடுவே வலை கட்டியது. பொழுது விடிந்தால் குண்டு நகர்ந்து வலை கோணலாகியிருக்கும். சிலந்தி சலிக்காமல் அறுத்துவிட்டு மறுபடியும் கட்டும். குண்டு ஒரு நாளைக்கு ஒரு உள்ளங்கை அகலம் போகும். சில நாள், எதையோ மறந்துவிட்டு யோசிக்கிற மாதிரி, அதுகூடப் போகாது.

கிளப் ஆட்கள் ஞாயிறு தவறாமல் வந்தார்கள். சுட முடியாது, சுட்டால் அட்டை மாற்றக் கோட்டைத் தாண்ட வேண்டும், தாண்ட முடியாது. அதனால் அவரவர் மேசையில் உட்கார்ந்து, காலித் துப்பாக்கியைத் துடைத்து, டீ குடித்து, குண்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். டாக்டர் தன் கப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை.

கோமளா ஞாயிறு மட்டுமில்லை, தினமும் வந்தாள். கிட்டுசாமிக்குச் சோறு போட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, ஆறாம் மேசை முக்காலியில் உட்கார்ந்துகொள்வாள். குண்டோடு பேசுவாள். கருவேப்பிலை விலை, கொப்பரைக் களத்தில் பாம்பு வந்த கதை, பக்கத்து வீட்டுக்கு ஒரம்பரையாக வந்த விருந்தாளிகள் போகாமல் டேரா போட்ட கதை. கடைசியில் போகும்போது ஒரே வார்த்தை சொல்வாள்: "மெதுவாப் போ புள்ள. ஒண்ணும் அவசரமில்ல."

அவளுக்கு வேண்டியதெல்லாம் அதுதான். குண்டு போய்க்கொண்டிருக்கிறவரைக்கும் வசுமதி சுட்டுக்கொண்டிருக்கிறாள். அது அட்டையைத் தொட்டுவிட்டால் சுட்டு முடித்துவிடுவாள்.

மாசியில் சவரிமுத்து அவள் பக்கத்தில் வந்து நின்று தொண்டையைக் கனைத்தார். "அம்மிணி, ரூல் சொல்றது என் கடமை. அது போய்ச் சேந்துட்டாலும் மேட்ச் முடியாது. மேசை ஆறுல ஒரு குண்டு பாக்கி."

"தெரியுமுங்க."

"நான் ஸ்டாப் சொல்லலை. நேரம் இன்னும் ஓடிட்டுத்தான் இருக்குது."

"நான் சுடவே இல்லீன்னா?"

சவரிமுத்து யோசித்தார். பட்டாளத்தில் அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. "அப்ப முடியவே முடியாதுங்க" என்றார்.

கோமளாவுக்கு அன்று ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது. கடுகுக்குள் இருக்கிற அந்த ஒரு மணி ஈயத்தை எடுக்காமலே இருந்துவிட்டால் போதும். தாளிக்கிறபோதெல்லாம் கரண்டியால் ஓரமாகத் தள்ளிவிட்டுக் கடுகை மட்டும் எடுத்தாள்.

---

பங்குனியில் குண்டு பாதி தூரம் தாண்டியபோது ஊருக்கு ஒரு கவலை பிடித்தது. குண்டு ஐந்தாம் அட்டைக்கு நேராகப் போகவில்லை. வலப்பக்கம் விலகிப் போய்க்கொண்டிருந்தது.

"தப்பீருச்சு" என்றார் டாக்டர், ஒரு நூலைக் குழல் முனைக்கும் தன் மூக்குக்கும் நடுவே இழுத்துப் பிடித்துப் பார்த்துவிட்டு. "அட்டையில படாது. மணல்லதான் போய்ச் செருகும்."

அதைக் கேள்விப்பட்டு, தங்கச்சி உயிரோடு இருந்தவரை அந்தக் குடோன் வாசலைக்கூட மிதிக்காத கிட்டுசாமி, களத்து வேலையைப் போட்டுவிட்டு வந்து சேர்ந்தார். அந்தரத்தில் போகிற குண்டைப் பார்த்தார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"ஏனுங்க ஹவில்தாரே, அந்த அட்டையக் கழட்டி, அது வர்ற எடத்துல மாட்டீரலாமுங்களா? நடு மத்தியில படற மாதிரி?"

"அட்டையத் தொடப்படாதுங்க."

"ஒரே ஒருக்கா அவ ஜெயிக்கட்டுமுங்க. பொறந்ததுல இருந்து எதுலயும் ஜெயிச்சதில்ல அந்தப் புள்ள."

"கோட்டத் தாண்டப்படாதுங்க கவுண்டரே. குண்டு காத்துல இருக்குது."

"உங்க ரூலக் கொண்டுபோயி ஒடப்புல போடுங்க!" கிட்டுசாமி கத்தியதில் உத்திரத்துச் சிட்டுக்குருவி எழுந்து பறந்தது. கூடியிருந்தவர்களும் அவர் பக்கம் சாய்ந்தார்கள். பாவம், ஒரு தடவைதானே. செத்துப் போனவளுக்கு ஒரு பத்து கொடுத்தால் என்ன குறைந்துவிடும். பஸ் ஸ்டாண்டு ஆட்களில் ஒருவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கோட்டை நோக்கி ஒரு காலைத் தூக்கவே தூக்கிவிட்டான்.

அப்போதுதான் டாக்டர், "இருங்க, இருங்க" என்றார். நூலைத் திரும்பவும் பிடித்து, ஒரு கண்ணை மூடி, நூலோடு நூலாகப் பார்வையைக் கடைசி வரைக்கும் கொண்டுபோனார். பல்லில் சொத்தை இருக்கிற இடம் தெரிந்துவிட்ட மாதிரி முகம் மாறியது. "இது தப்பிப் போகலீங்க. ஆறாம் அட்டைக்குப் போகுது."

எல்லாரும் கோமளாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பக்கத்து அட்டையா? சாகப்போற நேரத்துலயுமா?" என்று கோமளா சிரித்தாள். சிரிப்பு வந்த வேகத்தில் நின்றது. "ரெண்டு எட்டு தள்ளி இருக்கற அட்டைகூட அவளுக்குத் தெரியாதா?"

டீக் கிளாஸ்களை வாளியில் பொறுக்கிக்கொண்டிருந்த பாத்திமுத்து, வாளியைத் தரையில் வைத்தாள். "தெரியாமயா சுட்டா? இத்தனை வருசமா இதுகூட வெளங்கலையா உனக்கு?" என்றாள். "நீ மட்டமாச் சுடற ஞாயித்துக்கிழமையெல்லாம் பாரு, அன்னிக்கெல்லாம் அவ உன் அட்டையிலதான் கடைசியாச் சுடுவா. நீ வண்டிய எடுத்துட்டுப் போயிருவ. அவ இங்க ஒத்தையில மண்ணுச் சலிச்சு, மேலெல்லாம் தூசியா சாவிய நீட்டிட்டு வந்து நிப்பா. ஏண்டி நீ பண்றன்னு நான் கேட்டா, எனக்கு ஆரு காத்திருக்கா பாத்திமுத்தக்கா, எங்க நங்கையா மணி ஒண்ணுக்கு வீடு போய்ச் சேரலீன்னா எங்கண்ணன் சாமியாடுவாரும்பா. அதையும் உன் புருஷன் குரல்லதான் சொல்லுவா."

கிட்டுசாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கோமளா சோளம் விதைத்த மாதிரி இருந்த தன் அட்டையைப் பார்த்தாள். அன்றைக்கு ஒன்பது குண்டு முடிந்தபோது அவளும் வசுமதியும் ஒரே எண்ணோடு கடைசியிலிருந்தார்கள். மண்டைக்குள் நரம்பு தெறிக்கத் தெறிக்க ரொம்ப நேரம் குறி பார்த்து, அவளை மணி ஒன்றுக்கு முன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடத்தான் அந்தக் குண்டு கிளம்பியிருக்கிறது. கிளம்பியது இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

அன்று அவள் போகும்போது 'மெதுவாப் போ' என்று சொல்லவில்லை.

---

ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து உடுமலையின் தலைமுடியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு, குண்டு ஆறாம் அட்டைக்கு ஒரு விரற்கடைக்கு வந்தது. காற்று தூக்கிக்கொண்டு போய்விடும் என்று பயந்து கதவைச் சாத்த ஓடியவர்கள், கூரைத் தகரம் படபடக்க, மேசைத் துணி பறக்க, அது மட்டும் ஒரு மயிரிழை அசையாமல் போவதைப் பார்த்துக் கதவை அப்படியே விட்டுவிட்டார்கள். சிலந்தி முந்தின நாளே வலையைப் பிரித்துக்கொண்டு வேறு மூலைக்குப் போய்விட்டது.

கோமளா முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த குண்டை அவிழ்த்து எடுத்தாள். அதில் இரண்டு கடுகு ஒட்டியிருந்தது. ஊதினாள்.

சவரிமுத்து விறைப்பாக நின்றார். "மேசை ஆறு. ஒரு குண்டு பாக்கி. நேரம் இருக்குது."

"அம்மிணி, சுட்டீங்கன்னா முடிஞ்சிரும்" என்றார் டாக்டர் மெதுவாக, அவளுக்குத் தெரியாதது போல. "சுடாமயே இருந்துரலாம். ஆரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"எத்தனை நாளைக்குங்க டாக்டரே அவ மண்ணுச் சலிப்பா?" என்றாள் கோமளா.

குழலை மடக்கினாள். குண்டை வைத்தாள். நிமிர்த்தினாள். அந்த 'டொக்' சத்தம் தை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் குடோனுக்குள் கேட்டது. தோளில் கட்டையை வைத்து, கன்னத்தைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடினாள். பின்னாலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது, குழல் இடப்பக்கம் திரும்பியிருக்கிறது என்று.

"மேசை ஆறு! உங்க அட்டை அது இல்ல!" சவரிமுத்து கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று துடித்தார். "பக்கத்து அட்டையில சுட்டா சைபருங்க!"

"தெரியுமுங்க" என்று சொல்லி, கோமளா வசுமதியின் அட்டையில் சுட்டாள்.

அந்தக் குண்டு எல்லாக் குண்டும் போகிற மாதிரி, பார்ப்பதற்குள் போய்ச் சேர்ந்தது. ஐந்தாம் அட்டை ஒரு தடவை நடுங்கியது. அது நடுங்கி முடிவதற்குள், ஆறாம் அட்டையில் 'டக்' என்று ஒரு சின்ன சத்தம். அத்தனை மாதம் வந்த சத்தம் அவ்வளவுதான்.

சவரிமுத்து வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. அவர் குரலை அவரைவிட நன்றாகப் பேசுகிறவள் இருந்திருந்தால் அவருக்குப் பதிலாகச் சொல்லியிருப்பாள். கடைசியில் அவரே, யாருடையதோ போலிருந்த ஒரு குரலில், "ஸ்டாப்" என்றார். "கார்டு பாக்கலாம்."

எல்லாரும் மஞ்சள் கோட்டைத் தாண்டினார்கள். கோமளா குண்டு வந்த வழியிலேயே நடந்தாள். அங்கே காற்றில் ஏதாவது தட்டுப்படும் என்று கையை முன்னால் நீட்டிக்கொண்டு போனாள். ஒன்றும் தட்டுப்படவில்லை. வசுமதியின் குண்டு பத்தில் படவில்லை, ஒன்பதிலும் எட்டிலும் படவில்லை. அட்டையின் ஓரத்தில், வெளி வளையத்தை உரசிக்கொண்டு ஒரு ஓட்டை போட்டுவிட்டுப் பின்னால் மணலில் விழுந்திருந்தது. ஐந்தாம் அட்டையில் கோமளாவின் குண்டும் கிட்டத்தட்ட அதே லட்சணம்.

"ரெண்டு பேருக்கும் கடைசிக் குண்டு சைபர்" என்று சவரிமுத்து அறிவித்தார். "ரெண்டு பேரும் கடைசி." டாக்டர் கையில் கப்பைக் கொடுத்தார். டாக்டர் அதைத் தூக்கிப் பிடிக்கவில்லை. போட்டோவும் எடுக்கவில்லை.

கூட்டம் கலைந்தது. கோமளா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்து, மணலை அள்ளிச் சல்லடையில் போட்டாள். கடைசியில் இரண்டு பேர் வந்தால் இரண்டு பேரும் சலிக்கவேண்டும் என்பது சட்டம். இன்னொரு சல்லடை சுவரில் மாட்டியிருந்தது. கிட்டுசாமி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, அதை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். சல்லடைகளில் ஈயம் ஈயமாக மிஞ்சியது. தகடாக, பூவாக, பல்லாக, எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில். கோமளா ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு டின்னில் போட்டாள். அத்தனை நாள் பேசிக்கொண்டிருந்த குண்டு இதில் எது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் ரொம்ப நேரம் வைத்திருந்தாள். அதுவாகவும் இருக்கலாம், தன்னுடையதாகவும் இருக்கலாம், டாக்டருடையதாகவும் இருக்கலாம். அதையும் போட்டாள்.

வெளியே காற்று அடித்துக்கொண்டிருந்தது. மணல் சல்லடையில் புரளுகிற சத்தம் மட்டும் இருந்தது. அப்போது காதோரம், அடித்தொண்டையில், "கோமளா, மணி ஒண்ணாச்சு" என்று கேட்டது.

"சும்மா இரு புள்ள, கை நடுங்குது" என்றாள் கோமளா, சிரிப்பை அடக்கிக்கொண்டு, திரும்பாமல்.

பின்னால் சல்லடைச் சத்தம் நின்றது. திரும்பினாள். முகமெல்லாம் தூசியாகக் கிட்டுசாமி சல்லடையைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குரல்தான். அவருடைய சொந்தக் குரல்.

"பசிக்கலை" என்றார் அவர், அவசரமாக, ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போல. "சும்மா மணி சொன்னேன், கண்ணு. நீ சலி."